ஆடாத கட்டிலும் அம்பு அக்காவும்

என் சலூனில் டிவி கிடையாது. தேவையும் இல்லை. மாடியில் என் அக்கா இருக்கிறாள். அவள் கையில் ஒரு போன் இருக்கிறது. தன் வீட்டில் வந்து தங்கிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி அதில் அவள் ரிவ்யூ எழுதுகிறாள். புதிதாக ஒன்று வெளியாகிவிட்டால் போதும், தலையில் முடியே இல்லாதவர்கள்கூட என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சத்தமாக வாசிப்பார். நான் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்பேன். நாற்காலியில் பாதி வெட்டிய தலையோடு இருப்பவரும் கேட்டுத்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

எங்கள் கட்டடம் மூன்று அடுக்கு. கீழே என் கடை. நடுவில் அக்காவும் மாமாவும். மேல்மாடியில் இருக்கும் வீட்டைத்தான் அக்கா வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறாள். ஆப்பில் படம் போட்டிருக்கிறாள். அதைப் பார்த்து யார் யாரோ வருகிறார்கள். மாமா படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடும் துறை. பேச்சுத்துறை முழுக்க அக்காவிடம். வீட்டில் அமைதி நிலவுவதற்கு இந்தப் பங்கீடுதான் காரணம் என்று மாமா என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார்.

தெருவில் அவளுக்கு அம்பு அக்கா என்று பெயர். முன்பு அவள் ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் சட்டையில் எங்கேயாவது தையல் விட்டிருந்தால், பட்டன் கோணலாக இருந்தால், அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதுதான் வேலை. கம்பெனியை மூடியபோது வேலை போனது, ஸ்டிக்கர் போகவில்லை. மிச்சமிருந்த சுருளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க எங்கே பார்த்தாலும் அம்புதான். என் கடைக் கண்ணாடியின் மூலையில் ஒன்று, குழாயடியில் ஒன்று, மாமாவின் பனியன் தோளில் ஒன்று. அவர் அதோடு கடைத்தெருவுக்கே போய்விட்டு வந்தார்.

அந்தக் கண்ணோடுதான் விருந்தினரையும் பார்த்தாள். மற்ற வீட்டுக்காரர்கள் எழுதும் ரிவ்யூவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அருமையான விருந்தினர், எப்போது வேண்டுமானாலும் வரலாம், நன்றி. வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போனவனுக்கும் அதே வரிதான். அக்கா அப்படி எழுதமாட்டாள். ஒரு தம்பதியைப் பற்றி இப்படி எழுதினாள்: “இருவரும் நல்லவர்கள். கணவர் குளித்துவிட்டுத் தரையைத் துடைக்கமாட்டார். துடைப்பானைக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்தால் துடைப்பார். மாட்டி வைத்தேன், துடைத்தார்.” இன்னொருவரைப் பற்றி: “போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும். ஒரு தடவை சொன்னால் குறைத்துக்கொள்வார். இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை.” இதைப் படித்துவிட்டு அடுத்து வீடு கொடுக்கப்போகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

ஒருநாள் எங்கள் தெரு லாரி டிரைவர் தாடையில் சோப்பு நுரையோடு, மாடியிலிருந்து இறங்கி வந்த அவளைக் கேட்டார். “ஏன்க்கா, வந்து தங்கிட்டுப் போறவங்கள இப்படி நோண்டி நோண்டி எழுதுறீங்க? நாலு நல்ல வார்த்தை எழுதிட்டுப் போனா என்ன?”

அக்கா படியிலேயே நின்றாள். “நல்ல வார்த்தை எழுதலன்னு யாரு சொன்னா? சட்டையில குறை இருந்தா அது எங்க இருக்குன்னு காட்டணும். சட்டையே மோசம்னு தூக்கிப் போடுறவளும் செக்கர் இல்ல, கண்ண மூடிட்டு பாஸ் போடுறவளும் செக்கர் இல்ல. முக்காவாசி ஜனம் ஆல்ட்ரேஷன் கேஸுதான். ஒரு தையல் போட்டா சரியாயிடும். அந்த ஒரு தையல் எங்கன்னு நான் சொல்றேன், அவ்வளவுதான்.”

டிரைவர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. நான் சவரம் செய்துகொண்டிருந்ததும் ஒரு காரணம்.

இப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டாக வாழ்ந்துகொண்டிருந்தவளின் வீட்டுக்குத்தான் அந்த வாலிபால் டீம் வந்தது.

பெண் பிள்ளைகள். எல்லோரும் பள்ளி முடிக்கிற வயது. கூட ஒரு கோச், தொண்டை கட்டிப்போன மனிதர், விசில் இல்லாமல் அவரால் பேசவே முடியாது. எங்கள் ஊரில் நடந்த போட்டிக்காக வந்திருந்தார்கள். கோச் அந்த ஆப்பில் புதிதாகச் சேர்ந்தவர், அவர் பெயரில் ஒரு ரிவ்யூகூடக் கிடையாது. அக்காதான் துணிந்து முதல் ஆளாக வீடு கொடுத்தாள். கொடுத்தவுடன் விதிகளையும் கொடுத்தாள். செருப்பு வெளியே, ஈரத்துணி கொடியில், பந்து எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் தட்டப்படக் கூடாது. பிள்ளைகள் வரிசையாக நின்று “சரிங்க ஆன்ட்டி” என்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஆனால் தெருவுக்குக் கொண்டாட்டம்! கடைக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் டிரைவர் தன் வண்டிக் கயிற்றைக் கொண்டுவந்து வலை கட்டிக் கொடுத்தார். காலையும் மாலையும் அங்கே பயிற்சி. அப்பப்பா, அந்தப் பிள்ளைகள் எகிறி அடித்ததைப் பார்க்க வேண்டுமே! அடித்த அடியில் பந்து தரையில் பட்டு மருந்துக்கடைக்காரர் தலைக்கு மேலே போகும். அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து கோடு பார்ப்பார், “அவுட்டு, அவுட்டு” என்று கத்துவார். அந்த டீமில் ஒரு குட்டைப் பெண் இருந்தாள். பந்தைத் தூக்கிக் கொடுப்பது அவள் வேலை. அவளுடைய அம்மா சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாராம். எது கழன்றாலும் இவள்தான் மாட்டுவாள் என்பதால் டீமில் அவளை ஸ்பேனர் என்று கூப்பிட்டார்கள். வந்த அன்றைக்கே என் கடை நாற்காலியின் கிறீச் சத்தத்தை நிறுத்திக் கொடுத்துவிட்டாள். எத்தனையோ மாதமாக அந்தச் சத்தம் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

கடைசி ஆட்டத்துக்குத் தெருவே கிளம்பிப் போனது. நான் கடையைப் பூட்டினேன். வாழ்க்கையில் நான் வேலை நாளில் கடையைப் பூட்டியது அபூர்வம். ஐந்தாவது செட் வரை இழுத்தடித்து, ஸ்பேனர் தூக்கிக் கொடுத்த பந்தை நெட்டைப் பெண் ஒருத்தி ஓங்கி அறைந்து முடித்தாள். மாமா, பேசாத மாமா, நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரிடம் இப்படி ஒரு வசதி இருப்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

ஜெயித்தவர்கள் கையோடு பெரிய ஊரில் இறுதிச் சுற்றுக்குப் போக வேண்டும். பிள்ளைகள் பஸ் ஏறினார்கள். தெருவே கையசைத்தது. பஸ் முனை திரும்புவதற்குள் அக்கா சாவியை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போய்விட்டாள். விருந்தினர் கிளம்பியதும் வீட்டைச் செக் பண்ணாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வழக்கம்போல என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

தரை பளபளவென்று இருந்தது. விரிப்புகளை மடித்து வைத்திருந்தார்கள். குப்பையைக் கட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அக்கா நேராக ஜன்னலோரக் கட்டிலிடம் போனாள், ஒரு கையால் தள்ளினாள். கட்டில் அசையவில்லை. மறுபடியும் தள்ளினாள்.

“இது ஆடணுமே” என்றாள்.

“ஆடலன்னா நல்லதுதானக்கா?”

“நீ சும்மா இரு.”

குனிந்து பார்த்தாள். கட்டிலின் ஒரு கால் புதுசு. மற்ற மூன்றும் பழைய அடர்ந்த பழுப்பு. இதுவும் பழுப்புதான், ஆனால் அக்கா விரலால் தேய்த்ததும் நிறம் விரலோடு வந்துவிட்டது. முகர்ந்து பார்த்தாள். ஷூ பாலிஷ்! குப்பைப் பையைப் பிரித்தாள். உள்ளே இரண்டாகப் பிளந்த பழைய கால், பத்திரமாகக் காகிதத்தில் சுற்றி, யார் கண்ணிலும் படாதபடி அடியில் கிடந்தது.

“ஒடச்சிருக்காங்க” என்றாள் அக்கா. “ஒடச்சு, புதுசு மாட்டி, பாலிஷ் போட்டு மறைச்சிருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லல.”

“சரி பண்ணிட்டுத்தானே போயிருக்காங்க?”

“அது வேற, இது வேற.” அவள் முகத்தில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகமாகத் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளை அவளுக்கும் பிடித்திருந்தது. விசிலடித்த புருஷனையே மன்னித்தவள் அல்லவா!

மறுநாள் மதியம் கோச்சிடமிருந்து போன் வந்தது. அக்கா அப்போது என் கடையில்தான் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

“மேடம், பெரிய உதவி. இங்க போட்டிக்கு எல்லா ஊர்லருந்தும் டீம் வந்து குவிஞ்சிருக்கு. ஒரு எடம் கெடைக்கல. மைதானத்துக்குப் பக்கத்துல ஒரே ஒரு வீடுதான் காலியா இருக்கு. அந்த வீட்டுக்காரம்மா, ‘உங்க பேர்ல ஒரு ரிவ்யூகூட இல்ல, போன எடத்துல என்ன எழுதுறாங்கன்னு பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்’னு சொல்லிட்டாங்க. உங்க வீட்டப் பத்தி என் ரிவ்யூவ நான் எழுதி அனுப்பிட்டேன். நீங்க எதாவது நல்லதா ரெண்டு வரி போட்டீங்கன்னா... இல்லன்னா பிள்ளைங்கள பஸ் ஸ்டாண்டுலதான் படுக்க வைக்கணும். தூங்காம எப்படி மேடம் ஆடுவாங்க?”

“எதாவது எழுத மாட்டேன் சார்” என்றாள் அக்கா. “நடந்தத எழுதுறேன்.”

போனை வைத்ததும் கடையே அவள் மீது பாய்ந்தது. மருந்துக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். டிரைவர், “ஒரே ஒரு தடவை கண்ண மூடிக்குங்க அக்கா, நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்” என்றார். நான் சும்மா இருப்பேனா? “ஒரு கட்டில் காலுக்காக இத்தனை பிள்ளைங்களத் தெருவுல நிறுத்தப் போறியா? நீ மனுஷியா, மிஷினா?” என்று கேட்டேவிட்டேன். எனக்கு நிஜமாகவே ஆத்திரம்.

அக்கா அசரவில்லை. “இன்னைக்கு நான் பொய் எழுதினா, நாளைக்கு அந்தம்மா வீட்டுல எதாவது ஒடஞ்சா, நான் எழுதினத நம்பினதுக்கு அவங்க என்ன நினைப்பாங்க? அப்புறம் நான் எழுதுற எதுக்கு மதிப்பு?” சொல்லிவிட்டு என் நாற்காலியிலேயே உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். தட்டுவதும் அழிப்பதுமாக வெகுநேரம். எங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அவளே வாசித்துக் காட்டினாள்.

“சுறுசுறுப்பான பிள்ளைகள். வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்துவிட்டுப் போனார்கள். பந்தை உள்ளே தட்டவில்லை. கோச் மரியாதையானவர். ஒரு கட்டிலின் காலை உடைத்துவிட்டார்கள். தாங்களே புதுக்கால் மாட்டி, நிறம் தெரியாமலிருக்க பாலிஷ் போட்டிருக்கிறார்கள். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த வரியை எழுதியிருக்கமாட்டேன்.”

“கடைசி நாலு வரிய எடுத்துடேன்” என்று கெஞ்சினேன். அவள் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டாள்.

அந்த ஆப்பில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரர் எழுதுவது விருந்தினருக்குத் தெரியாது, விருந்தினர் எழுதுவது வீட்டுக்காரருக்குத் தெரியாது. இரண்டு பேரும் எழுதி அனுப்பிய பிறகு இரண்டும் ஒன்றாகத் திறக்கும். திறந்த பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. கோச் ஏற்கெனவே அனுப்பியிருந்ததால், அக்கா அழுத்திய உடனே அவருடையது திறந்துகொண்டது. மருந்துக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்துச் சத்தமாக வாசித்தார்.

“வீடு மிகச் சுத்தம். வீட்டுக்காரம்மா நேர்மையானவர், ஆனால் மிகவும் கண்டிப்பு. பிள்ளைகள் அவரிடம் எதையும் சொல்லப் பயந்தார்கள். ஜன்னலோரக் கட்டில் முன்பே ஆடிக்கொண்டிருந்தது. காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்திருந்தார்கள். முதல் நாள் ஒரு பெண் உட்கார்ந்ததுமே கால் பிளந்துவிட்டது. நல்லவேளை, அடிபடவில்லை. எங்கள் பெண் ஒருத்தி தச்சுப்பட்டறையில் கால் வாங்கி வந்து மாட்டிவிட்டாள். வீட்டுக்காரம்மா கட்டிலைக் கவனித்தால் நல்லது.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் காது நுனி வரை சிவந்திருந்தது.

“அட்டை யாரு வச்சது?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“நான்தான்” என்றாள். “சட்டைக்குள்ள வைக்கிற அட்டை. மடிச்சு வச்சேன். ஆட்டம் கொஞ்சம் கொறஞ்சுச்சு. விட்டுட்டேன்.” போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். பிறகு, “ஆடுதுன்னு எனக்குத் தெரியும்டா” என்றாள். “ஊர்ல இருக்கறவன் காலரையெல்லாம் பாத்தேன். என் கட்டில்ல அம்பு ஒட்டல.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூக்குடைபட்ட அக்காவை அதுவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் உட்கார்ந்து அழுகிற ரகம் கிடையாது. சடாரென்று எழுந்தாள்.

“அழிக்க முடியுமா?”

“முடியாது” என்றார் மருந்துக்கடைக்காரர். “கீழ பதில் மட்டும் போடலாம்.”

“அப்ப போடுறேன்.” கோச் எழுதியதற்குக் கீழே அங்கேயே போட்டாள். “கட்டில் ஆடியது உண்மை. எனக்கு முன்பே தெரியும். அட்டை வைத்து ஏமாற்றியது நான். பிள்ளைகள் உடைக்கவில்லை.” அனுப்பிவிட்டுப் பெருமூச்சு விட்டாள். டிரைவர் கைதட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “அக்கா, இந்தப் பதில் ஆப்புல உன் வீட்டுக்குன்னு இருக்கற பக்கத்துலதானே தெரியும்? அந்தம்மா பாக்கப்போறது கோச்சோட பக்கம். அங்க ‘உடைத்துவிட்டார்கள், சொல்லவில்லை’ன்னு நீ எழுதினது அப்படியே நிக்குதே!”

அது நிஜம். அவள் எழுதியதற்குக் கீழே பதில் போட உரிமையுள்ள ஒரே ஆள் கோச்தான். அக்கா உடனே அவரைக் கூப்பிட்டாள். அவர் குரலே உடைந்திருந்தது. படித்துவிட்டிருந்தார்.

“சார், மன்னிச்சிடுங்க. தப்பு என்மேல. இப்ப நான் சொல்றத அப்படியே என் ரிவ்யூவுக்குக் கீழ எழுதுங்க. என்னைக் குத்தம் சொல்லி எழுதுங்க.”

“மேடம், எடம் கொடுத்தவங்கள நான் எப்படி...”

“எழுதுங்க சார், நேரம் போகுது! ‘கட்டில் முன்பே ஆடியது.’ எழுதிட்டீங்களா?”

“‘கட்டில் முன்பே கொஞ்சம் ஆடியது போல இருந்தது’ன்னு...”

“கொஞ்சம் எதுக்கு? போல எதுக்கு? ஆடுச்சுன்னா ஆடுச்சு! ‘வீட்டுக்காரம்மா அதை அட்டை வைத்து மறைத்திருந்தார்.’”

“மறைத்திருந்தார்னு போடணுமா மேடம்? வைத்திருந்தார்னு போட்டா போதாதா?”

“மறைத்திருந்தார்!” என்று அக்கா கத்திய கத்தலில் தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார். “‘அவர் எழுதியிருப்பது தவறு, அவரே ஒப்புக்கொண்டார்.’ போடுங்க. ஆனா ஒண்ணு, சொல்லாம போனது மட்டும் உண்மை. அதையும் போடுங்க. ‘பயத்தில் சொல்லாமல் விட்டோம், சொல்லியிருக்க வேண்டும்.’ ஆச்சா? இப்ப அனுப்புங்க.”

தன்னைத் திட்டி எழுதத் தானே வார்த்தை எடுத்துக் கொடுத்த மனுஷியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். என் அக்கா என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, சொல்லவும் செய்தேன். “வாய மூடிட்டு வேலையப் பாரு” என்றாள்.

மறுநாள் காலை என் கடையில் ஒரு தலைகூட ஒழுங்காக வெட்டப்படவில்லை. எல்லோருக்கும் அக்காவின் போன் மேல்தான் கண். மாமா ஈர விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். அக்கா மட்டும் எதுவும் நடக்காதவள் போல என் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் என் சீப்பைக் கழுவுகிறாள் என்றால் உள்ளே எவ்வளவு பதற்றம் என்று எனக்குத் தெரியாதா?

போன் அடித்தது. தெரியாத எண். கோச்சிடம் நம்பர் வாங்கி அந்த ஊர் வீட்டுக்காரம்மாவே கூப்பிட்டிருந்தார். அக்காவின் கை ஈரமாக இருந்ததால் நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“நீங்கதானே அந்தக் கட்டில் வீட்டம்மா?”

“ஆமாங்க” என்றாள் அக்கா. அவள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

“காலையிலருந்து உங்களத்தான் படிச்சிட்டிருக்கேன். அந்தக் கோச் பக்கத்துல படிச்சேன், அப்புறம் உங்க வீட்டுப் பக்கத்துலயும் போய்ப் படிச்சேன். என்கிட்ட எடம் கேட்டு நிறைய டீம் வரிசையில நிக்குது. எல்லாருக்கும் அருமை, அற்புதம்னுதான் எழுதியிருக்கு. ஒண்ணுலயும் ஒண்ணும் தெரியல. உங்களோடதுல மட்டும்தான் என்ன நடந்துச்சுன்னு முழுசா இருக்கு. உங்க தப்பு உட்பட.”

“பிள்ளைங்க மேல தப்பில்லைங்க. நான்தான்...”

“அதான் எழுதியிருக்கீங்களே. எடம் கொடுத்துட்டேன், நேத்தே வந்து தூங்கியிருக்கலாம் பாவம்.” கடைக்குள் மருந்துக்கடைக்காரர் டிரைவரைக் கட்டிப்பிடித்தார். மாமா மறுபடியும் விசிலடித்தார், இந்த முறை என் காதுக்குப் பக்கத்தில். அந்தம்மா மட்டும் போனை வைக்கவில்லை. கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். “ஒரு விஷயம். கட்டில் கால் மாட்டுச்சே ஒரு பொண்ணு, அதுவும் டீமோட வருதா? இங்கயும் ஒரு கட்டில் ஆடுது.”

அக்காவுக்குப் பழைய குரல் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

“வருது. ஆனா அது வர்றதுக்கு முன்னாடி, கட்டில் ஆடுதுன்னு ஆப்புல உங்க வீட்டுப் பக்கத்துல எழுதிப் போடுங்க.”